குருதிக்கலன் வளர்க்கும் வேலை: யாழ்ப்பாணத்திலிருந்து போகும் வழி

உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரே கேள்விதான்: மெடிசின் கிடைக்குமா? இசட் புள்ளி கொஞ்சம் குறைந்து விஞ்ஞான பீடமோ இணை சுகாதார விஞ்ஞான பீடமோ கிடைத்தால் வீடு செத்தவீடாகிவிடும். இந்தக் கட்டுரை முதலில் அந்தப் பிள்ளைகளுக்கு. மருத்துவ பீடத்தில் இருந்துகொண்டு ஆய்விலும் கண் வைத்திருப்பவர்களும், கிளிநொச்சியில் பொறியியல் படிப்பவர்களும் வாசிக்கலாம். துறை இதுதான்: ஆய்வுகூடத்தில் மனித இழையம் வளர்ப்பது, அந்த இழையத்துக்குள் குருதிக்கலன்களை வளர்ப்பது.

முதலாவது வேலையில் உலகம் ஓரளவு தேறிவிட்டது. இரண்டாவதில்தான் இடிபடுகிறது. உடம்பில் ஒரு கலம் அருகிலுள்ள மயிர்த்துளைக்குழாயிலிருந்து ஏறக்குறைய 100 தொடக்கம் 200 மைக்ரோமீற்றர் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் ஒட்சிசன் போதாது, கலம் செத்துவிடும். தோல் மெல்லியது. கசியிழையத்தில் குருதிக்கலனே கிடையாது. அதனால் அவை இரண்டும் முதலில் கைகூடின. ஈரலும் இதயத்தசையும் தடித்தவை. 1993இல் ரொபேர்ட் லாங்கரும் ஜோசப் வக்காந்தியும் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தத் துறை வேகமெடுத்தது. முப்பது வருடம் கடந்தும் தடித்த இழையத்தின் நடுப்பகுதியை உயிரோடு வைத்திருப்பதே பெரும் பாடாக இருக்கிறது.

கோப்பாய்ச் செம்மண் தோட்டத்தில் பம்ப் போட்டுத் தலைவாய்க்காலில் தண்ணீர் விட்டால் மட்டும் பயிர் வளராது, ஒவ்வொரு பாத்திக்கும் கிளை திரும்ப வேண்டும். இந்தத் துறையில் தலைவாய்க்கால் வந்துவிட்டது. அமெரிக்காவில் லோரா நிக்லசனும் சகாக்களும் பன்றியின் கலங்களிலிருந்து நாடியை வளர்த்துக் காட்டியது 1999இல். அவர் தொடங்கிய ஹியூமசைட் நிறுவனத்தின் 'சிம்வெஸ்' குருதிக்கலனுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது 2024 டிசம்பரில். கரைந்துபோகும் வலைக்குழாயில் மனிதரின் மழமழப்பான தசைக்கலங்களை விதைத்து, நாடித்துடிப்புப் போல இழுத்து இழுத்து வாரக்கணக்கில் வளர்க்கிறார்கள். பிறகு கலங்களையெல்லாம் கழுவிவிட்டு, மிஞ்சும் புரதக் குழாயைப் பாவிக்கிறார்கள். கை கால் நாடி காயப்பட்டு, நோயாளியின் சொந்த நாளத்தை எடுத்துப் பொருத்த வழியில்லாதபோது இது உதவும். உக்ரைன் போரில் காயப்பட்டவர்களுக்குப் பொருத்திய அனுபவமும் சான்றாக வைக்கப்பட்டது. குழாய் கிழிந்து உயிராபத்தான குருதிப்பெருக்கு ஏற்படலாம் என்ற கடும் எச்சரிக்கையும் அதன் குறிப்பிலேயே இருக்கிறது. ஷெல், மிதிவெடி, கால் எடுத்தல் என்ற சொற்களோடு வளர்ந்த எங்களுக்கு இது எங்கோ தூரத்துச் செய்தியாகப் படாது.

கிளைவாய்க்கால் கதை வேறு. நாசா 2016இல் ஒரு போட்டி அறிவித்தது: ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் தடித்த மனித இழையம், 30 நாள் உயிரோடு இருக்க வேண்டும். 2021இல்தான் வென்றவர்களை அறிவித்தார்கள். வேக் ஃபொரஸ்ட் நிறுவனத்தின் இரண்டு குழுக்கள் முப்பரிமாண அச்சில் ஈரல் இழையம் செய்து முதலிரு இடங்களையும் எடுத்தன. ஒரு சென்ரிமீற்றர், ஒரு மாதம். துறை நிற்கும் இடம் அவ்வளவுதான். இன்று நுழைகிறவருக்குப் பிந்திவிட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி வழியைப் பார்ப்போம். 'இழையப் பொறியியல்' என்ற பெயரில் பட்டம் தேடி அலையாதீர்கள். இது பல கைகள் சேரும் தொழில். யாழ். பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டதாரிகளைத்தான் நான் முதலில் சொல்வேன். மெல்லிய வெட்டுமுகம் எடுப்பதும், சாயமிடுவதும், நுணுக்குக்காட்டியில் கண் வைத்து 'இது குருதிக்கலன், இது வெறும் இடைவெளி' என்று பிரித்துச் சொல்வதும் அவர்களுக்குப் பழகின வேலை. பல ஆய்வுக்குழுக்கள் தட்டுத்தடுமாறும் இடம் அதுதான். பொறியியல் பிள்ளைகளுக்குப் பம்பும் குழாயும் ஓட்ட அழுத்தமும் அச்சு இயந்திரமும் காத்திருக்கின்றன. விலங்கியல், இரசாயனவியல் படித்தவர்களுக்குக் கல வளர்ப்பும், கலங்கள் ஒட்டி வளரும் சாரக்கட்டுப் பொருளும். மருத்துவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆறாத நீரிழிவுப் புண்ணும் குருதிச் சுத்திகரிப்புக்கு நாளம் கிடைக்காத நோயாளியும் அவர்கள் கண்முன்னேதான் இருக்கிறார்கள்.

எங்களிடம் வசதியில்லை என்பது பாதி உண்மை. கோழி முட்டையில் தொடங்கலாம். வளரும் குஞ்சைச் சுற்றியுள்ள சவ்வில் குருதிக்கலன் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கும் சோதனையை உலகின் பெரிய ஆய்வுகூடங்களும் இன்னும் செய்கின்றன. கடை முட்டை சரிவராது. சேவலோடு திரியும் ஊர்க்கோழியின் கருக்கட்டிய முட்டை வேண்டும். 37.5 பாகை செல்சியஸில், ஈரப்பதன் குறையாமல் அடைகாக்கும் பெட்டியில் வையுங்கள். மூன்றாம் நாள் ஊசியால் இரண்டு மூன்று மில்லிலீற்றர் வெள்ளைக்கரு இழுத்தால் சவ்வு ஓட்டை விட்டுக் கீழே இறங்கும். மேல் ஓட்டில் சின்னச் சன்னல் வெட்டி ரேப் ஒட்டி மூடிவிடுங்கள். எட்டாம் நாளளவில் நீங்கள் செய்த சாரக்கட்டுப் பொருளின் சிறு துண்டைச் சவ்வில் வைத்தால், அடுத்த சில நாள்களில் நுண்கலன்கள் அதை நோக்கி சக்கரத்தின் ஆரங்கள்போலக் கூடுகின்றனவா என்று வெறுங்கண்ணாலேயே தெரியும். படம் எடுத்து, 'இமேஜ்-ஜே' என்ற இலவச மென்பொருளில் கிளைகளை எண்ணலாம். மின்வெட்டுத்தான் எதிரி. ஓர் இரவு பெட்டி குளிர்ந்தால் தொகுதி முழுவதும் போய்விடும், மாற்று மின்சாரம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

கீரை இலையில் கலங்களைக் கழுவி நீக்கி, மிஞ்சும் நரம்பமைப்பில் மனிதக் கலங்களை வளர்த்த வேலையும் இருக்கிறது; 2017இல் அமெரிக்காவின் வூஸ்ரர் பல்தொழில்நுட்ப நிறுவனத்தில் செய்தார்கள். கழுவும் பகுதியை இங்கேயே செய்து பார்க்கலாம். தொப்புள்கொடி நாளத்திலிருந்து, குருதிக்கலனின் உட்புறத்தை மூடும் அகவணிக்கலங்களைப் பிரித்தெடுக்கும் முறை 1973 முதல் உண்டு. ஆனால் அதற்குத் தாயின் சம்மதமும் சுத்தக்காற்றுப் பெட்டியும் காபனீரொட்சைட்டு அடைகாப்பானும் வேண்டும். முதல் ஆய்வுக்கு அது வேண்டாம்.

வேலைத்தலம் எப்படியிருக்கும்? கலங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை வளர்ப்பூடகம் மாற்ற வேண்டும், அன்று நல்லூர்த் தேர் என்றாலும். கையுறையில் மதுசாரம் அடிக்க மறந்த ஒரு விநாடியில் பூஞ்சணம் ஏறி ஒரு மாத வேலை குப்பைக்குப் போகும். எந்தப் போத்தல், எந்தத் தொகுதி இலக்கம், யார் திறந்தது என்று எழுதாதவரை நல்ல ஆய்வுகூடம் வைத்துக்கொள்ளாது. ஆய்வு உதவியாளர் வேலை பெரும்பாலும் ஒப்பந்தம், சம்பளமும் பெரிதில்லை. 1999இல் வளர்த்துக் காட்டிய நாடிக்கு 2024இல்தான் அனுமதி கிடைத்தது என்பதையும் நினைவில் வையுங்கள். பொறுமை இல்லாதவர் வேறு துறை பார்ப்பது நல்லது. 'ஸ்ரெம்செல் ஊசி போட்டால் எல்லாம் சுகமாகும்' என்று காசு பறிக்கும் தனியார் நிலையங்களில் வேலை கிடைத்தாலும் போகாதீர்கள். அந்தக் கெட்ட பெயர் பிறகு கழுவினாலும் போகாது.

மேற்படிப்புக்கு அருகில் பாருங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1990இல் இந்தியாவில் செய்த செயற்கை இதய வால்வை நோயாளிக்குப் பொருத்திய இடம்; அதன் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு பூஜப்புரையில் இருக்கிறது. தஞ்சாவூர் சாஸ்த்ராவில் நனோ தொழில்நுட்பத்துக்கும் உயிர்ப்பொருள்களுக்குமான மையமும், வேலூர் சி.எம்.சி.யில் குருத்தணு ஆய்வு மையமும் உண்டு. கொலாஜன்தான் உங்கள் சாரக்கட்டு என்றால் சென்னைத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். கொலாஜனின் மூவிழை அமைப்பை ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஐம்பதுகளில் கண்டறிந்ததும் சென்னையில்தான். நாட்டுக்குள் என்றால் மொரட்டுவையில் உயிர்மருத்துவப் பொறியியல் இருக்கிறது. இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில் அறிவிப்புகளைத் தவறவிடாதீர்கள்.

பேராசிரியருக்கு எழுதும்போது 'நான் கடின உழைப்பாளி' என்று தொடங்கினால் அவர் மேலே வாசிக்கமாட்டார். அவருடைய எந்தக் கட்டுரையை வாசித்தீர்கள், அதில் எது புரியவில்லை, உங்கள் கையால் என்ன செய்தீர்கள் என்று பத்து வரியில் எழுதி, ஒரு படம் இணையுங்கள். ஆங்கிலம் வேண்டும். மானிப்பாயில் கிறீன் வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இந்தத் துறைக்கு இன்னும் அப்படியொருவர் வரவில்லை.

இறுதியாண்டு ஆய்வுத் தலைப்பு இன்னும் கொடுக்காதவர்கள் இந்த வாரமே மேற்பார்வையாளரைக் கண்டு, நெறிமுறைக் குழுவின் விண்ணப்பப் படிவத்தையும் வாங்கிவிடுங்கள். முட்டை ஒரு நாளில் கிடைக்கும், அனுமதிக்குத்தான் நாள் எடுக்கும்.