மந்திரமும் மருந்தும்: யூத சமயம் வகுத்த நெறி

நோயுற்றால் நம் வட்டாரத்து மக்கள் ஒரே வாயிலை மட்டும் தட்டுவதில்லை. அமாவாசை நாளில் திருவள்ளூர் வைத்திய வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்து வேண்டிக்கொள்வர். மறுநாள் அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி வரிசையில் நிற்பர். நாட்டு வைத்தியரையும் விடமாட்டார்கள். இவ்வாறு பல வழிகளை நாடுவது சமய நம்பிக்கைக்கு முரணாகுமா? இவ்வினாவைப் பன்னூறு ஆண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளது யூத சமயம். அதன் விடை நமக்கும் பயன்படும்.

யூதரின் இக்கட்டு

யூதர்கள் ஒரே கடவுளை வணங்குபவர்கள். மந்திரம், சூனியம், குறி கேட்டல் ஆகியவற்றை அவர்தம் மறையான தோரா விலக்குகிறது. ஆனால் பல நாடுகளில் சிதறி வாழ்ந்த அவர்களுக்கு, அண்டை வீட்டாரின் வைத்தியமே பெரும்பாலும் கைக்கு எட்டியது. அதை ஏற்கலாமா?

தல்மூத் என்னும் பெருநூலில் அறிஞர்கள் ஒரு விதி கூறினர்: உண்மையில் நோய் தீர்க்கும் எதுவும் பிற இனத்தாரின் மூடப்பழக்கமாகக் கருதப்படாது. உயிர் காக்க ஓய்வுநாள் கட்டளையையும் மீறலாம். ஆனால் பிற தெய்வ வழிபாட்டை மருந்தாகக் கொள்வதற்கு இடமில்லை.

மைமோனிடிஸ் தீர்ப்பு

இவ்விதியைத் தெளிவாக விளக்கியவர் மைமோனிடிஸ். ஸ்பெயினில் பிறந்து எகிப்தில் வாழ்ந்து 1204-இல் மறைந்த இவர் சமயச் சட்ட அறிஞர்; மருத்துவரும்கூட. பாம்போ தேளோ கடித்தவனுக்கு மந்திரம் ஓதலாமா என்ற கேள்விக்கு, ‘மிஷ்னே தோரா’ என்னும் தம் சட்டநூலில் அவர் தரும் விடை வியப்புக்குரியது. ஓதலாம், ஓய்வுநாளிலும் ஓதலாம். ஆனால் மந்திரத்தால் யாதொரு பயனும் இல்லை. ஆபத்தில் இருப்பவன் மனம் கலங்காதிருக்கவே அது அனுமதிக்கப்பட்டது என்கிறார். அதே இடத்தில், மறைமொழியைப் புண்ணின்மேல் ஓதி அதையே மருந்தாக்குவோரை அவர் கடிந்துரைக்கிறார். மறைமொழி உயிருக்கு மருந்து. உடலுக்கு அன்று என்பது அவர் கருத்து.

மந்திரத்தோடு அவர் நின்றுவிடவில்லை. நஞ்சும் நஞ்சுமுறியும் பற்றித் தனி நூலே எழுதினார். கடிவாய்க்கு மேல் இறுகக் கட்டும்படி அதில் கூறினார். இன்றைய மருத்துவம் அவ்வாறு கட்டலாகாது என்கிறது. சமய நெறி நிலைத்திருக்க, மருத்துவ அறிவு வளர்ந்துகொண்டே செல்கிறது என்பதற்கு இதுவே சான்று.

நம் வயல்வெளியில்

இச்செய்தி நமக்குப் புறம்பானதன்று. நெல் வயலில் பாம்பு கடித்தவரை முதலில் மந்திரிப்பவரிடம் கொண்டு செல்லும் வழக்கம் இன்னும் முற்றும் மறையவில்லை. நஞ்சில்லாப் பாம்பு கடித்தவர் தாமாகவே பிழைப்பார். புகழ் மந்திரத்துக்குச் சேரும். கட்டுவிரியன் கடியிலோ வலி மிகக் குறைவு. மந்திரித்ததும் நலமானது போலத் தோன்றும். உள்ளே நஞ்சு நரம்புகளை முடக்கிக்கொண்டிருக்கும். இழந்த அந்த ஒரு மணி நேரமே உயிரைக் குடித்துவிடும்.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் மருந்து இன்று உண்டு. அம்மருந்து செய்ய நஞ்சு எடுத்துத் தருவோருள் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தாரும் உளர். இச்சங்கம் 1978-இல் தோன்றியது. காட்டறிவும் ஆய்வுக்கூட அறிவும் கைகோத்தால் உயிர் பிழைக்கும் என்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தின் உறுப்புகளை நான்காக எண்ணுகிறது: நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து தொண்டு செய்பவன். வேண்டுதலும் ஆறுதல் மொழியும் இந்நான்காமவன் பணியைச் சேர்ந்தவை எனலாம். அவை மருந்தின் இடத்தைப் பறிக்காத வரையில் நம்பிக்கைக்கும் இழுக்கில்லை, அறிவுக்கும் இழுக்கில்லை. ஆகவே மாணவ நண்பர்களே, பாட்டி மந்திரம் சொன்னால் தடுக்க வேண்டா. மருத்துவமனைக்குச் செல்லும் வண்டியில் அவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். வழியெல்லாம் அவர் சொல்லிக்கொண்டு வரட்டும்.