மீன் சமைக்காத வீட்டில் மீன் வாடையா?

சித்த வைத்தியனுக்கும் கரண்ட் ஒயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? ஷாக் அடித்தவரை, "கை மரத்துப் போச்சு, எண்ணெய் கொடுங்க" என்று என்னிடம்தானே அழைத்து வருகிறீர்கள்!

2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு மறக்காத நாள். கல்யாண மண்டபத்து மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வீடியோ விளக்குக்குப் போன ஒயரில் எழுந்த பொறியே காரணமாகச் சொல்லப்பட்டது.

நம் வீட்டுக்கு வருவோம். உத்திர வீதி, சித்திரை வீதிகளில் உள்ள பழைய வீடுகளில், மரச்சட்டத்தின் மேல் ஒயர் ஓடுவதை இன்னும் பார்க்கலாம். அதன் மேலுறை வறண்டு, விரல் பட்டாலே உதிரும். போதாக்குறைக்கு எலி வேறு. அதே ஒயரில் இன்று ஏ.சி., கீசர், கிரைண்டர்! தாங்கும் அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் கம்பி சுடும், உறை உருகும். இணைப்பு தளர்ந்த இடத்தில் சூடு இன்னும் அதிகம்.

நாடி பார்ப்பதுபோல வீட்டையும் பாருங்கள். ஸ்விட்ச் போர்டு சுடுகிறதா? பிளக் பாயிண்ட் பழுப்பேறியிருக்கிறதா? மீன் சமைக்காத வீட்டில் மீன் வாடை வருகிறதா? பிளாஸ்டிக் சூடேறினால் அப்படி நாறும். பிரிட்ஜைத் தொட்டால் 'சுர்'ரென்றால் எர்த் சரியில்லை என்று சந்தேகப்படுங்கள். அடிக்கடி பியூஸ் போகிறதென்று தடித்த கம்பி போடுகிறார்களே, அது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி.

இதில் ஒன்று தெரிந்தாலும் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். இன்வர்ட்டரையும் அணையுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிறகு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். உறை உதிர்ந்த ஒயருக்கு டேப் சுற்றுவது வைத்தியமே இல்லை, மாற்றத்தான் வேண்டும். கையோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள். கரண்ட் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள்.

போர்டில் தீ என்றால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மெயினை அணைத்து, எல்லோரும் வெளியே வந்து 101-ஐ அழையுங்கள்.

ஒருவருக்கு ஷாக் அடித்துக்கொண்டிருந்தால்? பாசத்தில் பாய்ந்து தொடாதீர்கள். முதலில் மெயின். முடியாவிட்டால், ஈரமில்லாத இடத்தில் நின்று காய்ந்த மரக்கம்பால் விலக்குங்கள். மூச்சில்லையென்றால் 108-ஐ அழைத்து, மார்பின் நடுவே வேகமாக, அழுத்தமாக அமுக்கத் தொடங்குங்கள்.

தீக்காயத்தின் மேல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். மஞ்சள், இங்க், பேஸ்ட் எதுவும் கூடாது. என் எண்ணெயும்தான்! மின்சாரம் சுட்ட காயம் வெளியே பொட்டளவு இருக்கும், உள்ளே தசை வெந்திருக்கும். இதயத் துடிப்பும் தடுமாறலாம். "ஒண்ணுமில்லை சார்" என்று அவர் எழுந்து உட்கார்ந்தாலும், திருச்சி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ஈ.ஸி.ஜி. எடுங்கள். மரமரப்புக்கு மருந்து கேட்டு என்னிடம் அப்புறம் வரலாம்.

ஆடிக்காற்றில் தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் மரக்கம்பு யோசனையே வேண்டாம். யாரையும் கிட்டே விடாமல், எட்ட நின்றபடி மின்வாரியத்தின் மின்னகத்தை, 94987 94987-ல் கூப்பிடுங்கள்.