தை அறுவடையும் தரிசு உளுந்தும்

காவிரி டெல்டாவில் மார்கழி பிறந்துவிட்டால் சிறு விவசாயக் குடும்பத்துக்கு ஓய்வேது? பனி விலகுமுன் மாட்டுக்குத் தீனி, பிறகு வயல் பார்வை, பொங்கலையொட்டிச் சம்பா அறுவடை. இவற்றுக்கிடையே உளுந்து விதைப்பைத் தவறவிடலாகாது. அறுவடைக்குப்பின் களிமண் விரைவில் இறுகி வெடித்துவிடும். உழுது விதைக்க ஈரம் இராது.

விதைப்பு: ஏக்கருக்கு 12 கிலோ ஆடுதுறை 3 விதையை, ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்த ரைசோபியம் 1 பொட்டலத்துடன் (200 கிராம்) கலந்து, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தவும். ஆள்கொண்டு அறுப்பதானால் 7 முதல் 10 நாட்களுக்கு முன் நெற்பயிரினூடே சீராகத் தூவவும். இயந்திர அறுவடையாயின், முளைத்த பயிர் நசுங்காதபடி நாளை இன்னும் நெருக்கி விதைக்கவும். கால் தடம் பதியவேண்டும். தடத்தில் நீர் தேங்கக்கூடாது. இதுவே பதம். நீர் நின்றால் விதை அழுகும். ஈரம் குறைந்தால் முளைக்காது.

இலைவழி உரம்: உழாத நிலத்தில் அடியுரத்துக்கு வழியில்லை. ஆகவே பூக்கும் தருணத்திலும், 15 நாட்கள் கழித்தும் 2 சத டி.ஏ.பி. கரைசலை மாலையில் தெளிக்கவும். ஏக்கருக்கு 4 கிலோ உரத்தை முதல்நாள் ஊறவைத்து, தெளிவை வடித்து 200 லிட்டராக்குக.

சுமார் 75 நாட்களில் பங்குனிச் செலவுக்குப் பணம், மாட்டுக்குப் பொட்டு, மண்ணுக்குத் தழைச்சத்து மூன்றும் கிடைக்கும்.