நெற்பயிரின் தேவையும் குடியானவரின் ஆசையும்

வயலில் நீர் ததும்பி நின்றாலன்றிக் குடியானவருக்கு மனம் ஆறுவதில்லை. நெற்பயிரோ தேங்கு நீரைத் தாங்குமேயன்றி, நடவு முதல் அறுவடை வரை அதனை வேண்டி நிற்பதன்று.

நட்ட இரண்டு வாரம் வரையில், வேர் பிடிக்கவும் களை அடங்கவும் சிறிது நீர் நிற்றல் வேண்டும். பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் 2 அங்குல நீர் குறையலாகாது; அப்பொழுது காய்ந்தால் கதிர் பதராகும். மற்றக் காலத்தில் காய்ச்சலும் பாய்ச்சலுமே போதும். இது நம் நாட்டார் அறிந்ததே. எந்நாள் பாய்ச்சுவது என்பதில்தான் ஐயம்.

இதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960-இல் நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் எளிய வழி ஒன்று காட்டியுள்ளனர். 16 அங்குல நீளமுள்ள குழாய் ஒன்றின் அடியில் 10 அங்குலம் வரை சுற்றிலும் துளையிட்டு, அப்பகுதியை வயலிற் புதைத்து, உள்மண்ணை எடுத்துவிட வேண்டும். மூங்கிலும் உதவும். குழாயினுள் நீர் நிலமட்டத்துக்கு 6 அங்குலம் கீழ் இறங்கிய பின்னரே, 2 அங்குலம் நிற்கப் பாய்ச்சுக. மேல்மண் மயிரிழை வெடிப்புக் காணின் அண்டை வயலார் நகைக்கக் கூடும். வேர் ஈரத்திலேயே இருப்பதை அவர் அறியார். இவ்வகையில் விளைச்சல் குறையாது நூற்றுக்கு 30 வரை பாசன நீர் மிஞ்சலாம். உவர் நிலத்துக்கு இம்முறை ஏற்றதன்று.

தலைமடையில் வீணே நிற்கும் நீர், கடைமடையில் பூக்குந் தறுவாயிலுள்ள பயிருக்கு வேண்டுவதாகும். ஆதலின் முறைவைத்து நீர் விடும் ஊர்களில், கிராம அதிகாரிகள் முதற் குழாயைத் தலைமடை வயலிலேயே புதைக்கச் செய்தல் நலம்.