பந்தலுக்குள் வந்த நோய்க்கு வெயிலா காரணம்?

கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரில் பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று பேசினால் ஒரு பேச்சு தவறாமல் வரும்: "வெயில் கூடிப்போச்சு, அதான் நோயும் கூடிப்போச்சு." இதில் பாதிதான் சரி.

அடிச்சாம்பல் நோயை எடுத்துக்கொள்வோம். இலையின் மேலே எண்ணெய் சிந்தியதுபோல் மஞ்சள் புள்ளி, அதே இடத்தில் அடியில் வெள்ளைப் பூசணம். இந்தக் கிருமிக்கு வறண்ட வெயில் எதிரி. அதற்கு வேண்டியது இலைமேல் நிற்கும் ஈரம். அதன் வித்துகள் அந்த நீர்ப்படலத்தில் நீந்தித்தான் இலைத்துளைக்குள் நுழைகின்றன. எத்தனை டிகிரி அடித்தது என்று பார்ப்பதைவிட, இலை எத்தனை மணி நேரம் நனைந்திருந்தது என்று பார்ப்பதே பயன்.

பருவநிலை மாற்றம் இங்கேதான் உள்ளே வருகிறது. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரம் பருவம் தப்பி மழையாகக் கொட்டும் நாளில், கவாத்து முடிந்து கொழுந்துவிடும் தோட்டம் பள்ளத்தாக்கில் எங்காவது இருக்கும். ஆண்டு முழுவதும் அறுவடை என்ற நம் பெருமையே கிருமிக்கு ஓயாத விருந்தாகிவிடுகிறது. போர்டோ கலவை என்ற பூசணக்கொல்லியை மழைக்கு முன்பே அடிக்க வேண்டும். கிருமி இலைக்குள் போன பிறகு அடிப்பது வீண்.

"மழை வந்தால் பூச்சி வரும்" என்ற இன்னொரு பேச்சோ தென்னையில் தலைகீழ். சுருள் வெள்ளை ஈக்கு வறண்ட, வெப்பமான மாதங்களே கொண்டாட்டம். பலத்த மழை அதை ஓலையிலிருந்து கழுவிவிடும்.

அப்படியானால் இந்த ஈயை வெப்பம்தான் கொண்டுவந்ததா? இல்லை. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி இது, நம் நாட்டில் 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டது. இத்தகைய பூச்சிகளைக் கடல் தாண்டி ஏற்றிவருவது செடிகளையும் நாற்றுகளையும் கொண்டுவரும் மனிதர்கள்தான். திராட்சையின் அடிச்சாம்பல் நோயும் 1870களில் அமெரிக்கக் கொடிகளோடு பிரான்சுக்குள் இறங்கியதே. வந்ததை நிலைக்கவும் பெருகவும் விடுவதில்தான் வெப்பத்தின் பங்கு. சூடு ஏற ஏற, ஓரளவு வரை, பூச்சியின் தலைமுறைகள் விரைந்து வருகின்றன. பழி முழுவதையும் வானத்தின்மேல் போட்டால், வாங்கும் நாற்றின் இலையைத் திருப்பிப் பார்க்க மாட்டோம் என்பதே என் கவலை.

தென்னையின் கீழ் ஓலை கறுத்தவுடன் விஷமருந்தைத் தூக்குவது பெரிய தவறு. அந்தக் கறுப்பு, ஈ கழிக்கும் தேன்பாகில் வளரும் பூசணம். மருந்து, ஈயின் இளம்பருவத்துக்குள் வளர்ந்து அதைத் தின்னும் என்கார்சியா குளவியையும் கொன்றுவிடும். ஓலையடியில் ஈயின் கூட்டுப்புழுக்கள் கறுத்திருந்தால் குளவி உள்ளே வேலை செய்கிறது. அந்த ஓலைத் துண்டுகளை வெட்டி, குளவி இல்லாத தோப்பின் மரங்களில் கட்டிவையுங்கள்.