கடைமடை வயலுக்கு எந்த நெல்?

பாரம்பரிய நெல் என்றாலே மருத்துவக் குணத்தைப் பற்றித்தான் பேச்சு வருகிறது. வயலுக்கு வேண்டிய சங்கதி அதில் இருப்பதில்லை. எங்கள் காரைக்கால் காவிரியின் கடைமடை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வடியாது. கோடையில் உப்பு மேலேறும். அதனால் ரகம் தேடும்போது நான் முதலில் கேட்பது, உவர் தாங்குமா, தண்ணீர் நின்றால் அழுகுமா என்பதைத்தான். குழியடிச்சானும் குடவாழையும் நாகை, வேதாரண்யம் பக்கத்து உவர் நிலங்களில் வழிவழியாக விளைந்தவை. எங்கள் தேடலை அங்கிருந்து தொடங்குவதே நியாயம்.

அடுத்தது வயசும் பட்டமும். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். பூங்கார் மூன்று மாதத்துக்குள் அறுவடைக்கு வரும். காட்டுயானம் ஆறு மாதம் எடுக்கும். பழைய சம்பா ரகங்கள் பலவும் பகல் குறுகும்போதுதான் பூக்கும். பட்டம் தவறினால் அச்சில் போட்ட நாள் கணக்கு செல்லாது. குறுவையில் போடுவதாக இருந்தால், அறுவடை மழையில் கதிரிலேயே முளைக்குமா என்றும் கேட்க வேண்டும். இதை எந்தக் கையேட்டிலும் நான் கண்டதில்லை. நெல் அவித்துக் குத்திய வயதான பெண்கள்தான் சொன்னார்கள்.

திருமலைராயன்பட்டினத்தில் ஒரு பெரியவரிடம் ரகம் கேட்டபோது, "ஒன் வயல்ல தண்ணி எத்தன நாள் நிக்கும், தம்பி?" என்று திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகே நெல்லின் பெயரைச் சொன்னார். யாரிடம் கேட்கப் போனாலும் அந்தக் கேள்விக்கான பதிலோடு போங்கள். மண்ணின் உப்பளவை மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளலாம். செருமாவிலங்கையில் 1987 முதல் வேளாண் கல்லூரியும் இருக்கிறது.

விதைக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் போக வேண்டும். நெல் ஜெயராமன் 2006இல் ஆதிரெங்கத்தில் தொடங்கிய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்குபவர், மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018இல் அவர் மறைவதற்குள் 170க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டிருந்தார். அங்கே அச்சிட்ட விவரத்தைவிட, அதே நெல்லைப் போன ஆண்டு விளைவித்தவரின் பேச்சு எனக்கு அதிகம் உதவியது.

ஒரே பெயரில் ஊருக்கு ஒரு நெல் உண்டு. அதனால் முதல் ஆண்டு சில குழிகளில் மட்டும் நட்டு, பூக்கும்போது கலவனைப் பிடுங்கிவிடுவேன். மாட்டெருவும் அளவாகத்தான், உயர ரகம் செழித்தால் கார்த்திகைக் காற்றில் சாயும். பரப்பைக் கூட்டுமுன் ஆலைக்காரரிடம் பேசிவிடுங்கள். சிவப்பு நெல்லைத் தவிடு போகாமல், இரண்டு மூட்டையானாலும் தனியாக அரைத்துத் தருபவர் அருகில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.