பழைய லேப்டாப்பில் ஓர் இசைக்கூடம்

கேள்வி: வீட்டில் பழைய லேப்டாப்பும் ஒரு மிடி கீபோர்டும் இருக்கின்றன. திறமூல மென்பொருளையும் வன்பொருளையும் வைத்தே இசைக்கூடம் அமைக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். லினக்ஸ் இயங்குதளமான ‘உபுண்டு ஸ்டுடியோ’வை நிறுவினாலே பாதி வேலை முடிந்துவிடும். பல தடங்களில் பதிவு செய்ய ‘ஆர்டர்’, தாளத்துக்கு ‘ஹைட்ரஜன்’ எல்லாம் அதில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆர்டரைத் தொடங்கிய பால் டேவிஸ்தான், ஒரு செயலியின் ஒலியை இன்னொன்றுக்குக் கடத்தும் ‘ஜாக்’கையும் உருவாக்கினார்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: தாமதம்.

கட்டையை அழுத்தி, ஒலி சற்றுப் பிந்தி வந்தால் விரல் தாளம் தப்பிவிடும். ஜாக்கின் அமைப்பில் ‘பஃபர்’ (ஒலி மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் தற்காலிக இடம்) எண்ணைப் பார்க்க வேண்டும். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில், 1024 என்றிருந்தால் ஒரு பஃபர் நிரம்பவே 21 மில்லிநொடி ஆகும். 128 ஆக்கினால் 3 மில்லிநொடிக்கும் குறைவு. ‘பட் பட்’டென்று ஒலி வெடித்தால் கணினி திணறுகிறது என்று பொருள்; 256-க்கு ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். 2024-இல் வந்த லினக்ஸ் 6.12-இல் நிகழ்நேர இயக்க வசதி மையக் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது இசைக்காரர்களுக்கு நல்ல செய்தி.

லேப்டாப்பே வேண்டாம் என்பவர்களுக்கு ‘ஸின்தியன்’ இருக்கிறது. ‘ராஸ்பெரி பை’ என்ற சிறு கணினிப் பலகையில் இயங்கும் சிந்தசைசர் இது. ராஸ்பெரி பை முழுமையான திறந்த வன்பொருள் அன்று என்பதை மட்டும் நினைவில் கொள்ளலாம். எமிலி ஜிலேயின் ‘மியூட்டபிள் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ்’ சிந்தசைசர் கருவிகளோ இதில் இன்னும் ஒரு படி மேல்: நிறுவனம் 2022-இல் மூடப்பட்டும், வெளியிட்டுவைத்த சுற்று வரைபடங்களைப் பார்த்து ஆர்வலர்கள் இன்றும் அவற்றைப் பற்றவைத்துச் செய்துகொள்கிறார்கள்.